சிதறாலில் 'புத்தர்' தெரிவது ஏன்?

சிதறால் திருச்சாரணத்து மலைப் பாறையில் அமர்ந்திருக்கும் உருவங்களைப் பார்த்ததும் பலருக்கும் சட்டென்று வாயில் வருவது 'புத்தர்'. ஏன்?

கண் முழுவதையும் பார்த்து முடிக்கும்வரை மூளை காத்திருப்பதில்லை. சம்மணமிட்ட கால், மடியில் கை, நீண்ட காது என இரண்டு மூன்று அடையாளம் கிடைத்தாலே, அடிக்கடி கண்டு பழகிய உருவத்தை நினைவிலிருந்து எடுத்துப் பொருத்திவிடுகிறது. முகத்தைப் பார்த்து ஒருவரின் குணத்தைக் கணிக்க நொடியில் பத்தில் ஒரு பங்கே போதும் என்று 2006-ல் வெளியான பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. இந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. மலைப்பாதையில் பாம்பு கிடந்தால் நம்மைக் காப்பது அதுதான்.

ஆனால் சிலையின் தலைக்கு மேலே முக்குடை இருக்கிறது. அது சமணத் தீர்த்தங்கரரின் அடையாளம். நாகம் படம் விரிக்க, அதன்கீழ் ஆடையின்றி நிற்பவர் தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதர்.

9-ஆம் நூற்றாண்டில் இங்கே தழைத்த சமணம் இந்த அவசரத்தை நன்றாகவே ஆராய்ந்திருந்தது. உமாசுவாதி எழுதிய சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் புலனறிவை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. ஏதோ ஒன்று புலனில் படுவது அவக்கிரகம். அது என்னவென்று தேடுவது ஈகா. இன்னதென்று துணிவது அவாயம். நினைவில் நிறுத்துவது தாரணை. 'புத்தர்' என்றபோது நாம் தாவிக் கடந்தது இரண்டாம் படியை.

மலையேறினால், பெயர் சொல்லும் முன் குடைகளை எண்ணுங்கள்.