கட்டணம் கட்டியாயிற்று, பேராசிரியர் எங்கே?

மதுரையிலோ மட்டக்களப்பிலோ உட்கார்ந்துகொண்டு, பகலில் வேலை, இரவில் படிப்பு என்று ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டத்தை எடுப்பது இப்போது அதிசயம் இல்லை. வேலையை விட வேண்டாம், விசா வேண்டாம், பவுண்டில் வாடகை கட்ட வேண்டாம். சேரும்வரை எல்லாம் மளமளவென்று நடக்கும். சேர்க்கைப் பிரிவிலிருந்து மெயிலுக்கு மேல் மெயில் வரும். முதல் தவணைப் பணம் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சத்தம் அடங்கிவிடும். பாடத்தில் ஒரு சந்தேகம் வந்து டியூட்டருக்கு எழுதினால் இரண்டு வாரமானாலும் பதில் இருக்காது. ஆய்வேட்டுக் கட்டம் வந்தால் நெறியாளர் யார் என்று தெரியவே ஒரு மாதம் போய்விடும். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஆனால் இப்படி நடக்கும்போது நம் ஆட்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். வாயைத் திறக்காமல் தாமாகவே முட்டி மோதிப் படிப்பார்கள். மார்க் குறைந்து வந்த பிறகு நீளமாகப் புகார் எழுதுவார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இந்த மௌனத்துக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளை 1858-லேயே வெளியாருக்குத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921-ல் தொடங்கிய யூனிவர்சிட்டி காலேஜ், 1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, மாணவர்களை லண்டன் தேர்வுக்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தது. பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ., லண்டன்’ என்று போட்டுக்கொண்டவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் தனி மரியாதை இருந்தது. லண்டன் அன்று நடத்தியது தேர்வை மட்டும். பாடம் சொல்லிக்கொள்வது அவரவர் பாடு. நம் ஊர் அஞ்சல்வழிக் கல்வியும் அந்த எண்ணத்தையே வளர்த்தது. இன்றைய ஆன்லைன் முதுகலைக்கு நீங்கள் கட்டும் பணத்தில் கற்பித்தலும் சேர்ந்திருக்கிறது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் சேர்ந்த அன்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

அது படிப்பின் ஹேண்ட்புக்கில் இருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. டியூட்டர் எத்தனை வேலை நாளுக்குள் பதில் எழுத வேண்டும், கட்டுரை எத்தனை நாளில் திருத்தி வர வேண்டும், நெறியாளரோடு எத்தனை சந்திப்பு, ஆய்வேட்டின் வரைவில் எவ்வளவு அவர் படித்துப் பார்ப்பார் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். திருத்தித் தர 15 அல்லது 20 வேலை நாள் என்பது பல இடங்களில் உள்ள கணக்கு. சனி, ஞாயிறு, அங்குள்ள பொது விடுமுறை, கிறிஸ்துமஸ் மூடல் எதுவும் அதில் வராது. நம் ஊர் எம்.ஃபில். கைடு வரிக்கு வரி சிவப்பு மை போட்டதை நினைத்துக்கொண்டு அதையே அங்கும் எதிர்பார்க்க வேண்டாம். ஓர் அத்தியாயத்தின் வரைவை ஒருமுறை பார்த்துக் கருத்துச் சொல்வதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள், விதியும் அவ்வளவுதான் கேட்கும். சில படிப்புகளில் டியூட்டரோடு ஒரு கட்டணம், டியூட்டர் இல்லாமல் ஒரு கட்டணம் என்று இரண்டு வகை உண்டு. மலிவானதை எடுத்துவிட்டு டியூட்டர் எங்கே என்று கேட்டால் எடுபடாது. ஹேண்ட்புக்கை, படிப்பின் விளம்பரப் பக்கத்தை, சேர்க்கை மெயில்களை முதல் வாரமே தரவிறக்கிப் பத்திரப்படுத்துங்கள். இணையப் பக்கங்கள் அடுத்த ஆண்டு மாறிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனின் நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015, காசு வாங்கிக்கொண்டு தரும் சேவையை நியாயமான அக்கறையோடும் திறமையோடும் தர வேண்டும் என்கிறது. சேருமுன் சொன்ன தகவலை நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால், அதுவும் ஒப்பந்தத்தின் பகுதிதான். இந்தக் கடமை பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு என்று அந்நாட்டின் போட்டி, சந்தைகள் ஆணையம் 2015-லேயே வழிகாட்டி வெளியிட்டது. ‘வாரம் ஒரு நேரடி வகுப்பு’ என்று அறிமுகக் கூட்டத்தில் காட்டிய ஸ்லைடு உங்களிடம் ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்சியா, நீண்டகால நோய் போன்றவை இருப்பவர்களுக்குச் சமத்துவச் சட்டம் 2010-ன்படி நியாயமான மாற்று ஏற்பாடுகள் செய்துதர வேண்டும். தொலைவில் இருந்து படிப்பவர்களும் அவற்றைக் கேட்கலாம். யாரும் தேடி வந்து தர மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவில் முதலிலேயே பதிந்துகொள்ள வேண்டும்.

உரிமை ஒருபுறம் இருக்கட்டும். கேட்கும் விதத்திலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ‘வாத்தியாரைத் தொந்தரவு செய்யலாமா’ என்ற தயக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. அங்கே கேள்வி வராவிட்டால் மாணவர் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலமா, எனக்கு இந்தப் பாடம் ஒன்றும் புரியவில்லை, தயவுசெய்து வழிகாட்டுங்கள்’ என்று எழுதினால், வேலைப் பளுவில் இருக்கும் ஒருவர் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கிவைப்பார். அந்தப் பிறகு வராது. அதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: பொருள் வரியில் பாடக் குறியீடும் மாணவர் எண்ணும். முதல் வரியில், ‘இரண்டாம் கட்டுரைக்கு நேர்காணல் முறையைத் தேர்ந்திருக்கிறேன், எட்டு பேர் போதுமா, கூட வேண்டுமா?’ அடுத்த வரியில், எந்தப் பாடப்பகுதியைப் படித்து எந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பது. கடைசியில், ‘சமர்ப்பிக்கும் நாள் 14; வெள்ளிக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.’ ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்விக்குப் பதில் சீக்கிரம் வரும்.

நேரக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். குளிர்காலத்தில் அவர்களுடைய நண்பகல் 12 மணி நமக்கு மாலை 5.30; கோடையில் 4.30. கெடு நண்பகல் 12 என்றால், குளிர்காலம் முழுக்க ஐந்தரைக்குப் பழகிவிட்டு, ஏப்ரலில் ஐந்து மணிக்கு நிதானமாகக் கட்டுரையை ஏற்றப்போனால் தாமதம் என்று சிவப்பில் காட்டும். தாமதத்துக்கு மார்க் கழிப்பார்கள். ‘எங்கள் ஊர் நேரம் வேறு’ என்பதைக் காரணமாக எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது. அதேபோல் ஆகஸ்ட்டில் பேராசிரியர்கள் நீண்ட விடுப்பில் போவார்கள். செப்டம்பரில் ஆய்வேடு கொடுக்க வேண்டியவர், நெறியாளரின் விடுப்புத் தேதியை ஜூனிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு செய்தும் பதில் இல்லையா? ஹேண்ட்புக் சொன்ன கெடு தாண்டியதும் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் படிப்பின் இயக்குநருக்கு எழுதி, நிர்வாக அலுவலகத்துக்கு நகல் வையுங்கள். கோபம் வேண்டாம், தேதிகள் போதும்: எப்போது எழுதினேன், எப்போது நினைவூட்டினேன், ஹேண்ட்புக்கின் எந்தப் பகுதி எத்தனை நாள் என்கிறது. என்ன வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். வேறு நெறியாளரா, சமர்ப்பிக்கக் கூடுதல் அவகாசமா, தவறிப்போன சந்திப்புக்கு ஈடா? வீடியோவில் பேசி முடித்த ஒவ்வொரு முறையும், ‘இன்று பேசியது இவை’ என்று ஐந்து வரி மெயில் போட்டுவிடுவது மிக நல்ல பழக்கம். அதைவிட வலுவான சாட்சி பின்னால் கிடைக்காது. மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையம் பல்கலைக்கழக நிர்வாகத்தைச் சாராதது. தொலைவில் இருப்பவர்களும் பொதுவாக அதன் உறுப்பினர்களே. புகாரை அனுப்புமுன் அவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம், காசு வாங்க மாட்டார்கள்.

புகார் செய்தால் மார்க்கில் கைவைப்பார்களோ என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. இங்கே பட்ட அனுபவம் அப்படி. அங்கே பெரும்பாலான தாள்கள் பெயர் மறைத்துத் திருத்தப்படுகின்றன. ஆய்வேட்டை இன்னொருவரும் பார்ப்பார். வெளித்தேர்வாளர் மாதிரித் தாள்களைச் சரிபார்ப்பார். பழிவாங்கல் நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. அதற்கான இடம் குறைவு.

இனி முக்கியமான விஷயம். மார்க் வந்த பிறகு ‘எனக்கு 58 போட்டது தவறு, 65 வர வேண்டும்’ என்று முறையிட முடியாது. எவ்வளவு தகுதி என்பது ஆசிரியரின் கல்விசார் தீர்ப்பு. பல்கலைக்கழகத்துக்கு வெளியே யாரும் அதில் தலையிட மாட்டார்கள். ஆனால் ஆறு சந்திப்பு என்று சொல்லி இரண்டுதான் நடந்தது என்பது கல்விசார் தீர்ப்பு அல்ல, சொன்ன சேவை வராத விவகாரம். இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும். எப்போது கேட்டீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மார்க் வரும்வரை பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு நெறியாளரைக் குறை சொன்னால், ‘அப்போதே ஏன் சொல்லவில்லை’ என்ற ஒரே கேள்வியில் முறையீடு விழுந்துவிடும். அந்த மாதத்திலேயே எழுதிய ஒரு சின்ன மெயில் இருந்தால் கதை வேறு. உடல்நலக் குறைவு, வீட்டில் இழப்பு, வேலை பறிபோவது போன்றவற்றுக்கும் இதே விதி. அவகாசத்தைக் கெடு முடியுமுன் கேட்க வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குள் எல்லாப் படியும் ஏறி முடித்தும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓ.ஐ.ஏ. என்ற சுதந்திரமான தீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. 2004-ன் உயர்கல்விச் சட்டத்தின் வழியே வந்தது இது. மாணவருக்குச் செலவில்லை, வக்கீல் வேண்டாம், லண்டன் போக வேண்டாம். மதுரையிலிருந்தே ஆன்லைனில் போடலாம். ‘உள் நடவடிக்கைகள் முடிந்தன’ என்ற கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடம் வாங்கி, அதன் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தைத் தராமல் இழுத்தடித்தால் அதையே ஓ.ஐ.ஏ.விடம் சொல்லலாம். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகம் என்றால் வழி வேறு: உள்ளே 5 வேலை நாள், பிறகு 20 வேலை நாள் என்று இரண்டு படி, அதற்குப் பின் ஸ்காட்டிஷ் பொதுச்சேவை ஆம்புட்ஸ்மன். எடின்பரோவின் ஆன்லைன் முதுகலையில் இருப்பவர் ஓ.ஐ.ஏ.வுக்கு எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிடைக்கக்கூடியது என்ன? கட்டணத்தில் ஒரு பகுதி, மறுவாய்ப்பு, மன்னிப்புக் கடிதம் ஆகியவை. பேராசிரியர்களின் வேலைநிறுத்தத்தால் பாடம் தவறியபோது மாணவர்களுக்கு இழப்பீடு தரச் சொன்ன முடிவுகள் உண்டு. மார்க்கை மட்டும் கூட்டித் தர மாட்டார்கள்.

புகாருக்கு ஆதாரம் குறைவாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. உங்களைப் பற்றிப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் தகவல்களைத் தரும்படி தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். நீங்கள் எழுதிய விடைத்தாள் அதில் வராது; தேர்வாளர் அதன்மேல் எழுதிய குறிப்பு வரும். உங்கள் மெயிலை யார் யாருக்கு மாற்றிவிட்டு யார் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்பதும் சில நேரம் வெளிவந்துவிடும்.

நெறியாளர் கைவிட்ட நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ‘டிசர்ட்டேஷன் ஹெல்ப்’ வரும். காசுக்கு எழுதித் தரும் தொழிலை இங்கிலாந்து 2022-ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அவர்களிடம் ஒருமுறை பணம் கொடுத்தவர், பட்டம் வாங்கிய பிறகும் ‘பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவோம்’ என்ற மிரட்டலுக்கு ஆளாகும் ஆபத்து இருக்கிறது. பிடிபட்டால் கொடுத்த பட்டத்தையே திரும்பப் பெறுவார்கள். நெறியாளரின் தவறு அங்கே யாருக்கும் நினைவிருக்காது.

இனிமேல்தான் சேரப்போகிறீர்கள் என்றால், பணம் கட்டுமுன் இரண்டு விஷயம். இந்திய யு.ஜி.சி. 2025 ஏப்ரலில் அறிவித்த விதிகளின்படி, வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமானச் சான்று வேண்டுமானால் நேரில் வகுப்பில் இருந்து படித்திருக்க வேண்டும். ஆன்லைன், தொலைதூரப் படிப்புக்குக் கிடையாது. தனியார் நிறுவன வேலைக்கு இது தடையாகாமல் போகலாம். அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் பணி, பிஎச்.டி. என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடுத்தது, நடுவில் நிற்கும் எட்-டெக் நிறுவனம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆன்லைன் பட்டம் என்று வரும் விளம்பரங்களைப் பற்றி யு.ஜி.சி. 2023 டிசம்பரிலேயே எச்சரித்தது. பாடம் எடுப்பது யார், திருத்துவது யார், புகாரை யாரிடம் தர வேண்டும் என்ற மூன்றையும் மெயிலில் கேளுங்கள், போனில் சொன்னதை நம்பாதீர்கள். ஏஜென்ட் பொய் சொல்லிச் சேர்த்திருந்தால் இந்தியாவின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியலாம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தோடு தொலைவிலிருந்தே ஒப்பந்தம் செய்தவர்களுக்குப் பொதுவாக 14 நாள் ரத்து அவகாசம் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்பது சேர்க்கை நிபந்தனைகளில் இருக்கும். இடையில் வகுப்பு தொடங்கியிருந்தால் அதற்கான பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். டியூட்டருக்கு அனுப்பும் முதல் மெயிலை அந்த 14 நாளுக்குள் அனுப்பி, எப்போது பதில் வருகிறது என்று பாருங்கள்.