மூலிகையும் மாத்திரையும்: மறைக்காமல் சொல்வோம்

மருத்துவரை மதிக்க வேண்டும், மருந்தும் மண்ணிலிருந்து இறைவன் தந்த கொடையே என்று சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கின்றது. அதே அதிகாரம் மருந்தைக் கலந்து தருபவரையும் மறவாமல் குறிப்பிடுகின்றது. செபம், மருத்துவர், மருந்து, மருந்தாளுநர் ஆகிய நான்கையும் வேதாகமம் ஒன்றாகவே வைத்துப் பேசுகின்றது. நாமோ பல வேளைகளில் அவற்றைப் பிரித்துவிடுகிறோம்.

நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்களாகிய நாம், மதுரை நகரிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. கட்டிலின் ஒருபுறம் சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகள் இருக்கும். மறுபுறம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணமும் கஷாயமும் இருக்கும். "டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா?" என்று கேட்டால், "சொன்னால் திட்டுவார், சாமி" என்பதே பதில். ஆபத்து அந்தப் பதிலில்தான் இருக்கின்றது.

பச்சிலை என்பதால் தீங்கற்றதா?

கைவைத்தியத்தை நாம் இகழவில்லை. துளசி, தூதுவளை, ஆடாதோடை, கற்பூரவல்லி ஆகியவை நம் முன்னோர் பழகி அறிந்தவை. ஆனால் குணப்படுத்தும் வல்லமை உள்ள பொருளுக்குக் கெடுக்கும் வல்லமையும் உண்டு. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் உயிரைப் பறிக்கக்கூடியது. சேராங்கொட்டை, எட்டிக்கொட்டை போன்றவற்றை முறைப்படி சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கலாகாது என்பது சித்த மருத்துவமே வகுத்த விதி. ஆகவே அச்சமின்றி அள்ளி உண்பது நமது மரபன்று.

கரிசல் நிலங்களில் வளரும் ஆடுதின்னாப்பாளையின் இனத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. இது சிறுநீரகத்தைப் பழுதாக்கும், புற்றுநோயையும் விளைவிக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மருந்தை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர வேண்டிய மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்து மூலிகை அதில் சேர்ந்திருந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

இரண்டும் சந்திக்கும்போது

தனித்தனியே நன்மை தரும் இரு மருந்துகள், ஒன்று சேர்ந்தால் தீமை தரக்கூடும். பாடகர் குழுவினர் குரலுக்காகச் சுவைக்கும் அதிமதுரத்தை நாள்தோறும் வாரக்கணக்கில் உண்டால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். நீர் பிரிவதற்கான மாத்திரை உண்போருக்கு இது மேலும் கேடு. சர்க்கரை மாத்திரையோடு வெந்தயப் பொடியையும் பாகற்சாற்றையும் மிகுதியாகச் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரலாம். இதய நோய்க்காக வார்ஃபரின் உண்போர் பூண்டு மாத்திரையைத் தாமாகச் சேர்த்தால் இரத்தக் கசிவு நேரலாம். சமையலில் இடும் பூண்டைப் பற்றி நாம் சொல்லவில்லை. மருந்தாக மிகுதியாய் உண்பதையே சொல்கிறோம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோரும் எந்த மூலிகை மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. சிறுவர்களுக்கும் அவ்வாறே கொடுக்கலாகாது.

மருந்தாளுநரைக் கேளுங்கள்

நம் தெருமுனை மருந்துக் கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்பது சட்டம். மருந்தை உண்ணும் முறையை நோயாளிக்கு விளக்குவதும் அவரது கடமை என 2015-ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை விதிகள் கூறுகின்றன. ஆகவே தயங்காமல் கேளுங்கள். உண்ணும் மாத்திரை, கஷாயம், லேகியம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவரால் தீர்க்க இயலாத ஐயத்தை மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவிலோ கேட்டுத் தெளியலாம்.

வாங்கும்போது உரிம எண், சேர்மானங்கள், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது. பெயரில்லாப் பொட்டலத்தில் என்ன இருக்கின்றது என்று யார் அறிவார்? சர்க்கரை வியாதியையும் புற்றுநோயையும் அடியோடு தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துள்ளது. அத்தகைய விளம்பரத்தை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

புதிய மருந்து உண்டபின் தோலில் தடிப்பு, கண்ணில் மஞ்சள், இடைவிடா வாந்தி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றைக் கண்டால், அம்மருந்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அன்புக் குடும்பங்களே! உடல் தூய ஆவியாரின் ஆலயம். அந்த ஆலயத்தைக் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. வீட்டுப் பெரியவர்கள் என்னென்ன மருந்து உண்கின்றனர் என்று இந்த ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அன்போடு கேளுங்கள். கடிந்துகொள்ளாமல் கேட்டால் அவர்கள் மறைக்கமாட்டார்கள். நோயுற்றோரின் ஆரோக்கியமாகிய அன்னை மரியா நம் இல்லங்கள் அனைத்திற்கும் துணை நிற்பாராக!