பீரங்கிப் பாதையில் துவிச்சக்கர வண்டிகள்

வட இத்தாலியில், பிரான்சு நாட்டின் எல்லைக்கு அணித்தாக, அல்ப்ஸ் மலைத்தொடரின் முதுகின்மீது ஒரு கிரவல் வீதி செல்கின்றது. யூலை, ஓகஸ்ட் மாதங்களிலே புதனும் சனியும் வந்துவிட்டால் பகல் வேளையில் அவ்வீதியில் மோட்டார் வாகனம் எதற்கும் அனுமதியில்லை. காரும் மோட்டார் சைக்கிளும் விலகி நிற்க, நடந்து செல்வோரும் துவிச்சக்கர வண்டியிற் செல்வோருமே அன்றைக்கு அம்மலைமுடியின் உரிமையாளராகி விடுகின்றனர். அசியெத்தா வீதி என்பது அதன் பெயர்.

கிரவல் வீதி என்றதும் நம் வாசகர்களிற் பலர் முகஞ் சுளிக்கக் கூடும். மாரியிலே சேறும் கோடையிலே புழுதியுமாய்க் கிடக்கும் தம் ஊர் வீதிக்குத் தார் போடுமாறு மனுக் கொடுத்துக் களைத்தவர்களுக்கு, அத்தகைய வீதியொன்றைத் தேடிக் கடல் கடந்தும் போகின்றவர்களைக் கண்டால் வியப்பாகத்தான் இருக்கும். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டிய வீதிக்குத் தார் வேண்டியதே. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆயினும் வீடும் கடையும் இல்லாத மலைமுகட்டில் தாரைக் கொட்டினால் முதலில் வந்து சேர்வன வேகமும் இரைச்சலுமே அன்றோ?

இவ்வீதியை அடைவதற்குச் சூசா என்னும் பழைய பட்டினத்திலிருந்து புறப்படுவோர் பலர். சூசாவுக்கும் அதற்குத் தெற்கேயுள்ள கிசோனேப் பள்ளத்தாக்குக்கும் இடையே மலைச்சுவர் ஒன்று நிற்கின்றது. அதனைக் கடக்கும் வழி பினெஸ்திரேக் கணவாய். ‘பினெஸ்திரே’ என்றால் இத்தாலிய மொழியிலே ‘சன்னல்கள்’ என்பது பொருள். கணவாயின் உயரம் 2,178 மீற்றர். சூசாவிலிருந்து அவ்வுச்சிக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர் ஏறவேண்டும். நூறு மீற்றர் முன்னே செல்வதற்குள் ஒன்பது மீற்றர் மேலே செல்லும் ஏற்றம் அது. மூச்சுவிட ஒரு சமதரை கிடைப்பதரிது. முதற்பகுதி தார் போட்டது. காட்டினூடே வளைந்து வளைந்து ஏறுவது. கடைசி எட்டுக் கிலோமீற்றர் அளவுக்குத் தார் இல்லை.

அந்த இடத்திலேதான் துவிச்சக்கர வண்டி ஓட்டும் கலையே மாறிவிடுகின்றது. தார் வீதியில் ஏற்றம் கடினமானால் ஆசனத்தை விட்டெழுந்து மிதிப்பது நமது வழக்கம். தளர்ந்த கல்லின்மேல் அப்படிச் செய்தால், பின்சில்லின் மீதுள்ள பாரம் குறைந்து, சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். ஆதலின் அமர்ந்தபடியே, சிறிய கியரில், ஒரே சீராக மிதிக்கவேண்டும். ரயரும் சற்று அகன்றதாக, ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் அளவில் இருத்தல் நலம். காற்றையும் குறைத்தே அடைப்பார்கள். காற்றுக் குறைந்த ரயர் கல்லின் வடிவுக்கு ஏற்ப வளைந்து பிடிமானம் கொடுக்கும். விறைத்த ரயரோ கல்லுக்குக் கல் துள்ளும். இறக்கத்தில் முன் பிறேக்கை வளைவுக்குள் வைத்து அழுத்துகிறவன் மண்ணை முத்தமிட நேரும். வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்துக் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வேற்றத்துக்கு உலகப் புகழ் வந்தது இத்தாலியைச் சுற்றிவரும் ‘ஜீரோ’ என்னும் பெரும் பந்தயத்தாலேயாம். 1909ஆம் ஆண்டில் அப்பந்தயத்தைத் தொடங்கியது ஒரு பத்திரிகை. அது இளஞ்சிவப்புத் தாளில் அச்சாவது. முன்னணியில் நிற்கும் வீரர் அணியும் சட்டையும் அதனாலேயே இளஞ்சிவப்பாயிற்று. பினெஸ்திரேக் கணவாய் முதன் முறையாக 2005இல் பந்தய வழியிற் சேர்க்கப்பட்டது.

2018ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி. சைமன் யேற்ஸ் என்ற ஆங்கில வீரர் பதின்மூன்று நாட்களாக அந்த இளஞ்சிவப்புச் சட்டையை அணிந்திருந்தார். பந்தயம் முடிய இன்னும் இரண்டே நாட்கள். பினெஸ்திரே ஏற்றம் தொடங்கியதும் அவருடைய கால்கள் சோர்ந்தன. கூட்டம் அவரை விட்டு முன்னேறிற்று. அதே ஏற்றத்தின் கிரவல் பகுதியிலே கிறிஸ் புரூம் என்பவர், முடிவிடத்துக்கு இன்னும் 80 கிலோமீற்றர் இருக்கையில், தனியே பாய்ந்து சென்று அன்றைய வெற்றியையும் பின்னர் முழுப் பந்தயத்தையும் தமதாக்கினார். யேற்ஸ் முடிவிடத்தை அடைந்தபோது 38 நிமிடங்களுக்கு மேல் பிந்தியிருந்தார். ஒரே பகலில் எல்லாம் போயிற்று.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 2025ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி, பந்தயம் முடிவதற்கு முதல்நாள், அதே ஏற்றத்துக்கு அவர் மீண்டும் வந்தார். இம்முறை அவர் மூன்றாம் இடத்தில், 1 நிமிடம் 21 விநாடி பின்னே இருந்தார். முதலிடத்தில் மெக்சிக்கோ நாட்டவரான இசாக் டெல் தோரோ, வயது இருபத்தொன்றே. இரண்டாவது எக்குவடோர் நாட்டு கரப்பாஸ். யேற்ஸ் முன்னே பாய்ந்தார். துரத்திச் செல்லும் பொறுப்பு யாருடையது என்று மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டே இருந்துவிட்டனர். அந்தத் தயக்கத்தின் விலை பெரிது. கணவாய்க்கு அப்பால் அவருடைய அணித்தோழர் வான் ஆர்ட் காத்திருந்து, தாம் முன்னே ஓட்டிக் காற்றைத் தாங்கி அவரை அழைத்துச் சென்றார். மாலையில் அந்த இளஞ்சிவப்புச் சட்டை யேற்ஸுக்கு. மறுநாள் உரோமாபுரியில் பந்தயமும் அவருக்கே. பினெஸ்திரேயில் இழந்ததைப் பினெஸ்திரேயிலேயே மீட்டார். கதாசிரியன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால், மிகையென்று நாமே தள்ளியிருப்போம்.

பந்தய வீரர் கணவாயைத் தாண்டிக் கீழே விரைகின்றனர். சாவகாசமாக வருகின்றவனோ சிறிது தூரம் இறங்கி, பியான் டெல் ஆல்ப்பே என்ற மேய்ச்சல் நிலத்தில் வலப்புறம் திரும்பினால் அசியெத்தா வீதி தொடங்கும். அங்கிருந்து செஸ்திரியெரே என்னும் ஊர் வரையில் முப்பது கிலோமீற்றருக்கு மேல் மலைமுகட்டிலேயே பிரயாணம். ஏற்றம் இறக்கம் மாறி மாறி வரும். அசியெத்தாக் கணவாயின் உயரம் 2,472 மீற்றர். நமது பீதுருதாலகால மலையின் உச்சி 2,524. எனவே நம் நாட்டின் தலைக்கு ஏறக்குறைய நிகரான மட்டத்திலே ஒருவன் சைக்கிள் மிதித்துச் செல்கிறான் எனலாம்.

வாகனம் இல்லாத நாளில் அங்கே கேட்கும் ஓசைகள் சிலவே. மாட்டு மணி, காற்று, சில்லுக்கடியில் நொறுங்கும் கல். அணிலினத்தைச் சேர்ந்த மர்மொட் என்ற கொழுத்த பிராணி பாறையின்மேல் நின்று சீழ்க்கையடித்துத் தன் இனத்தை எச்சரிக்கும். ஏனைய நாட்களில் மோட்டார் சைக்கிள்கள் கிளப்பும் புழுதியிலே இவை எல்லாம் மறைந்து போம். மரநிழல் அருமை; தண்ணீரைக் கையோடு கொண்டு போதல் வேண்டும். கோடையின் பிற்பகல்களில் இடிமழை திடீரென்று வரும். மொட்டை முகட்டில் அகப்பட்டால் ஒதுங்க இடமில்லை. ஆதலால் அநுபவசாலிகள் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குவர்.

யாருக்காக இவ்வளவு உயரத்தில் வீதி போட்டார்கள்? படைகளுக்காக. எல்லைக் காவலுக்குப் பீரங்கியும் உணவும் கொண்டு செல்ல அமைத்த பாதை இது. அதற்கும் முன்னரே இம்முகடு இரத்தம் கண்டது. 1747ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி, தூரின் நகரை நோக்கி வழிதேடிய பிரெஞ்சுப் படை, இங்கே மண்ணாலும் கல்லாலும் அரண் அமைத்திருந்த பியட்மண்ட் படையைத் தாக்கிற்று. பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்தவர்கள் அரணைத் தாண்ட முடியவில்லை. அவர்களுடைய தளபதி பெல்-ஈல் என்பவரே முன்னின்று பொருது மாண்டார். சில மணி நேரத்திற்குள் பிரெஞ்சுப் பக்கத்தில் இறந்தோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ 5,000 பேர் வீழ்ந்தனர். அவ்விடத்திலே இன்று ஒரு நினைவுத்தூண் நிற்கின்றது. சைக்கிளில் வருவோர் அதன் அடியில் அமர்ந்து ரொட்டி தின்கின்றனர்.

அப்பால் இன்னும் சில கணவாய்கள். பிறகு இறக்கம். 2006இல் குளிர்கால ஒலிம்பிக் விழாவின் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த செஸ்திரியெரேயின் கட்டடங்கள் கீழே தோன்றும். கைவிரல்கள் பிறேக்கைப் பிடித்துப் பிடித்து மரத்துப் போயிருக்கும், முகமெல்லாம் வெண்புழுதி. மாலையில் தடை நீங்கியதும், காத்திருந்த முதல் மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு மேலே ஏறிவரும்.