மலை ஏறும் கிழட்டு மோட்டார்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் புறப்படும் பழைய கார்க்காரர்கள், கல்லாறு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி இறங்குவதைச் சிலர் பார்த்திருக்கலாம். பாக்குத் தோப்பின் அழகை ரசிப்பதற்காக இறங்குகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எஞ்சின் சற்று ஆறட்டும், ரேடியேட்டர் தண்ணீரும் ஒருமுறை பார்த்ததாக இருக்கட்டும் என்றுதான். அதற்கு மேல் 14 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூரோ 1,850 மீட்டர். இடையில் இருப்பது முப்பது கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான பாதைதான். இன்றைய புதுக் கார்கள் இந்த ஏற்றத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. பழைய கார் ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டுதான் ஏறும்.

பழைய கார் என்றால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவன மூன்று. ஒன்று, வங்காளத்து உத்தரபாராவில் தயாராகி, 2014-ம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர். அடுத்தது பியட், பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்று பெயர் சூட்டிக்கொண்டு பம்பாய் டாக்சியாக ஓடி, 2023 அக்டோபரில் அந்நகரத் தெருக்களிடம் விடைபெற்றுக்கொண்டதும் இதுவே. மூன்றாவது நம் சென்னையிலேயே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதன் முன்பாகம் முழுவதும் முதலை வாய் திறப்பதுபோல் முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக வேலை பார்க்கலாம்! இம்மூன்றையும் இன்றும் பிள்ளைபோல் வளர்த்து, கோடையில் குடும்பத்தோடு ஊட்டிக்கு ஓட்டிச் செல்லும் அன்பர்கள் இருக்கிறார்கள்.

வழியில் வண்டி நின்றால் என்ன செய்வது? பழைய மோட்டாருக்கு வரும் வியாதிகளில் பாதிக்கு மேல் பொறுமையே மருந்து. அவசரப்பட்டால் சின்ன வியாதியும் பெரிய விபத்தாகிவிடும். இதற்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

சென்ற சித்திரையில் நானும் ஒரு நண்பரும் பர்லியாறு டீக்கடை ஒன்றில் நின்றிருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய கார் ஒன்று, மூக்கிலிருந்து புகை கக்கியபடி வந்து நின்றது. உண்மையில் அது புகையல்ல, நீராவி. ஓட்டி வந்தவர் பரபரவென்று இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். அப்பா என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தபடி ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்க! அந்த மூடியில கை வெக்காதீங்க! கொழந்தைய அக்கட்டால கூட்டிட்டுப் போங்க!"

கார்க்காரர் திகைத்தார். "இல்லீங்க ஐயா, பச்சைத் தண்ணி ஊத்தினா ஆறிடுமில்லீங்களா?"

"ஊத்துனா ஹெட்டு கிராக் உட்டுருமுங்க. தொறந்தாலோ உங்க மூஞ்சி வெந்துரும். ஒரு டீ குடிச்சுப்போட்டு உக்காருங்க. அது எங்கயும் ஓடிப் போயிராதுங்க."

பெரியவர் முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவராம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. மலை உயர உயரத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைகிறது. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குன்னூரில் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் வைத்து, உள்ளே அழுத்தத்தைக் கட்டிவைக்கிறார்கள். பிரஷர் குக்கர் தத்துவமேதான். அந்த அழுத்தத்தால், கொதிக்க வேண்டிய சூட்டையும் தாண்டிய தண்ணீர் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடியைத் திருகியவுடனே அழுத்தம் போய்விடுகிறது. அடங்கிக் கிடந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகப் பீறிடுகிறது. தண்ணீர் ஆவியானால் அதன் பருமன் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும் என்பதை நினைத்துப் பாருங்கள். பானெட்டுக்குள் குனிந்திருக்கும் முகத்தில்தான் அது வந்து விழும். காய்ந்து சிவந்திருக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் கொட்டுவதும் அப்படித்தான். சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் விட்ட கதையாகிவிடும்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெரியவரே எழுந்து போனார். ஈரத் துணியை நாலாக மடித்து மூடியின்மேல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கால் திருகு மட்டும் திருகினார். 'புஸ்' என்ற சத்தம் முழுதும் அடங்கிய பிறகே மூடியை எடுத்தார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் வார்க்கச் சொன்னார். அதோடு விடவில்லை. எஞ்சினை நிறுத்தி, காற்றாடி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அரை அங்குலம் அமுங்க வேண்டிய பெல்ட் ஒன்றரை அங்குலம் தொய்ந்தது. காற்றாடியும் தண்ணீர்ப் பம்பும் டைனமோவும் இந்த ஒரே பெல்ட்டில்தான் சுற்றுகின்றன. பெல்ட் வழுக்கினால் காற்றும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு மரக்கட்டையால் நெம்பிப் பிடித்து மறுபடி முடுக்கினார். வேலை பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கார்க்காரர் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை; டீக்குக் காசு கொடுக்க மட்டும் அனுமதித்தார்.

தீயா, தீனியா?

கொதிப்பு கண்ணுக்குத் தெரியும் வியாதி. ஒன்றுமே தெரியாமல், இருமிவிட்டு நின்றுபோகும் வண்டியை என்ன செய்வது? பழைய டிரைவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். எஞ்சினுக்குத் தீ வரவில்லையா, தீனி வரவில்லையா? அதாவது பிளக்கில் பொறி இல்லையா, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இல்லையா? பழைய மோட்டாரில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆகவே மூன்றாவது கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

கோடையில் மலைப்பாதையில் நின்றால் முதல் சந்தேகம் தீனியின்மேல்தான். தாழ்ந்த கியரில் எஞ்சின் கத்திக்கொண்டு ஏறுகிறது. வேகமில்லாததால் எதிர்க்காற்றும் இல்லை. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பு காய்கிறது. குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. திரவத்தை இழுக்கத் தெரிந்த பம்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. 'வேப்பர் லாக்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். வேடிக்கை என்னவென்றால், ஓடும்போது நிற்காத வண்டி டீக்கு நிறுத்திய பிறகு கிளம்ப மறுக்கும். காற்றாடியும் நின்றுவிடுவதால், எஞ்சினின் சூடு முழுவதும் பம்பின்மேல் ஏறுகிறது. பம்பின்மேல் ஈரத் துணியைச் சுற்றி இருபது நிமிஷம் காத்திருந்தால் போதும். ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். செல்ப் மோட்டாரை விடாமல் அழுத்தி பாட்டரியைக் கொன்றவர்கள்தான் இரவு அங்கேயே தங்க நேர்கிறது.

ஈரத் துணிக்கும் மசியவில்லை என்றால் தீயைப் பார்க்கவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் 'பாயிண்ட்' என்ற இரண்டு சின்னஞ்சிறு உலோக முனைகள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சேர்ந்து பிரிகின்றன. அவை கரி பிடித்தாலும், இடைவெளி மாறினாலும் பொறி செத்துவிடும். அந்த இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். அளவுத் தகடு கையில் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: சாதாரண சவர பிளேடு ஒன்றின் கனம் 0.1 மில்லிமீட்டர். நான்கு பிளேடுகளை அடுக்கிச் செருகிப் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். கையை மட்டும் ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய கைவைத்தியம் மோட்டார் வண்டியோடு கூடவே பிறந்தது. 1888-ம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டாரை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து தாய்வீடான போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார். சுமார் 100 கிலோமீட்டர். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பிரயாணம் அதுதான். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரி செய்தார். கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றினார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். பிரேக் கட்டை தேய்ந்ததும், செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். மேட்டில் பிள்ளைகள் தள்ளினார்கள். தண்ணீரோ, வழிநெடுக ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பர்லியாற்றில் சொம்பு தூக்கிய நம் கார்க்காரர் பெரிய பரம்பரையைச் சேர்ந்தவர்தான்!

புதுப் பெட்ரோலும் பழைய ரப்பரும்

பெர்த்தா அம்மாளுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு வந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய கார்களின் ரப்பர்க் குழாயும், பம்பில் உள்ள ஜவ்வும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவையல்ல. எத்தனால் அவற்றை ஊறவைத்து, பிறகு வெடிக்கச் செய்கிறது. டாங்க்கின் அடியில் பல்லாண்டுகளாகப் படிந்த பிசினையும் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுவருகிறது. ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது.

வண்டி நின்றுபோவது மட்டுமானால் பரவாயில்லை. பல பழைய எஞ்சின்களில் கார்புரேட்டருக்கு அடியிலேயே எக்ஸாஸ்ட் குழாய் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். வெடித்த ரப்பரிலிருந்து ஒழுகும் பெட்ரோல் அதன்மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீண்ட பிரயாணத்துக்கு முன் எத்தனால் தாங்கும் புதுக் குழாயையும் புது ஜவ்வையும் போட்டுக்கொள்வது ஒரு வார மெக்கானிக் வேலைகூட இல்லை. தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றும் வேண்டும். அதை டிக்கியில் சாமான்களுக்கு அடியில் புதைத்து வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் அதற்குப் பிரயோஜனம்.

ஐம்பது வருஷம் தாண்டி, மூல உருவம் மாறாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிந்துகொள்ள 2021-ம் ஆண்டு மத்திய சர்க்கார் விதி செய்தது. 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் கொண்ட நம்பர் கிடைக்கும். பெருமைதான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலப் போட்டி, பெட்ரோல் நிரப்புதல், பழுது பார்த்தல் முதலிய காரியங்களுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போக நினைப்பவர்கள் இதை யோசித்துப் பதிய வேண்டும்.

நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் இருமத் தொடங்கியதுமே, உருளும் வேகம் இருக்கும்போதே அகலமான ஓரம் தேடி ஒதுக்குவது நல்லது. வளைவின் முதுகில் நின்றுவிட்டால் பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியாது. ஐம்பது மீட்டர் பின்னால் ஒளிரும் முக்கோணத்தை வைத்துவிட்டு, குழந்தைகளை வண்டிக்குள் விடாமல் மலைச்சுவர்ப் பக்கம் நிறுத்திவைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. கோடை சீசனில் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்கும் ஒருவழி ஏற்பாடு வழக்கம் என்பதால், பாதி மலையில் மனம் மாறித் திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் பலிக்காது.

ஏறியவர்கள் இறங்கித்தானே ஆகவேண்டும்? ஏறும்போது எஞ்சின் பட்ட பாட்டை இறங்கும்போது பிரேக் படுகிறது. பழைய கார்களில் டிரம் பிரேக். சூட்டை வெளியே விடுவதில் மந்தம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று லாரிக்காரர்கள் சொல்வது இதனால்தான். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிரம் காய்ந்து, வருஷக்கணக்கில் மாற்றாத பிரேக் ஆயில் கொதித்து, அதில் ஆவி கட்டிக்கொண்டால் பெடல் மெத்தென்று தரை வரை இறங்கிவிடும். அந்த நிமிஷத்தில் பெடலை விட்டுவிட்டு மறுபடி மறுபடி அடித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாகவே வண்டியைச் சாய்த்து நிறுத்தவேண்டும். பிறகு ஆறிப்போய்ப் பெடல் கெட்டிப்பட்டாலும் அதை நம்பி மீதி மலையை இறங்கக் கூடாது. இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். ஈரத் துணி, மரக்கட்டை, சவர பிளேடு எதுவும் இந்த வியாதிக்கு ஆகாது.