டிவிடிக்குள் ஆறு தடங்கள்

5.1 ஒலியுள்ள பட டிவிடி இருந்தால் வசனத்தை மட்டும் தனியே உருவிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முக்கால்வாசி சரிதான். மீதிக் கால்வாசிதான் ஆளை அலையவிடும்.

வட்டைத் திறந்தால், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாமல் விஓபி கோப்புகள் வரிசையாக இருக்கும். படம், ஒலி, சப்டைட்டில் மூன்றும் அவற்றில் சின்னச் சின்னத் துண்டுகளாக மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒலியை மட்டும் பிரித்தெடுப்பதற்கு டெமக்ஸ் என்று பெயர். இதில் தரம் துளியும் குறையாது. பெரும்பாலும் கிடைப்பது ஏசி-3 எனப்படும் டால்பி டிஜிட்டல் கோப்பு. நொடிக்கு 448 கிலோபிட் என்றால், இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 500 எம்பி. (விற்பனை டிவிடிகளில் பலவற்றுக்குப் பூட்டு உண்டு. உரிமையை மீறும் நோக்கத்தோடு அதை உடைப்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி குற்றம்.)

அந்தக் கோப்பை அப்படியே எடிட் செய்ய முடியாது. ஏசி-3 ஒலியை 32 மில்லிநொடிச் சட்டகங்களாகப் பொதிந்து வைக்கிறது. சட்டகத்தின் நடுவே வெட்ட வழியில்லை. அதனால் எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு சுருக்கத்தை விரித்து, சேனலுக்கு ஒன்றாக ஆறு வேவ் கோப்புகள் ஆக்கிக்கொள்வார்கள். ஆறையும் ஒரே கோப்பில் போட்டால், அதே படம் 16 பிட்டிலேயே 5 ஜிபியைத் தாண்டும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் கொள்ளாது. கிளைமாக்ஸ் காணாமல் போகலாம்!

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் ஆறையும் திறந்து பாருங்கள். இடதும் வலதும் இசையால் அடர்ந்திருக்கும். நடு சேனலில் பேச்சு, இடைவெளி, மறுபடி பேச்சு. தாழ் அதிர்வுகளுக்கான எல்எஃப்இ தடம் வெறும் கோடாகக் கிடந்து, குண்டு வெடிக்கும்போது மட்டும் பொங்கும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வு மட்டுமே அதில் இருப்பதால்தான் அதை முழு சேனலாக எண்ணாமல் ‘.1’ என்கிறார்கள். மீதி இரண்டும் சரவுண்ட். மென்பொருளுக்கு மென்பொருள் சேனல் வரிசை மாறும். கேட்டுப் பார்த்த பிறகே பெயர் வையுங்கள்.

இப்போது நடு சேனலை மட்டும் ம்யூட் செய்யுங்கள். உதடு அசையும், வசனம் வராது. கூடவே செருப்புச் சத்தமும் கதவுச் சத்தமும் போயிருக்கும். அவற்றையும் பெரும்பாலும் நடுவில்தான் வைப்பார்கள். மாறாக, பெரிய மண்டபத்தில் ஒருவர் கத்தினால் குரல் மறைந்தாலும் எதிரொலி இடது வலதில் மிஞ்சும். ஒலி இங்கே திசைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, வகைவாரியாக அல்ல. வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்ற வகைவாரித் தடங்கள் ஸ்டுடியோவில்தான் இருக்கும். டப்பிங்குக்குத் தருவது வசனம் நீக்கிய அந்தத் தடங்களைத்தான். அவை பொதுவாக வட்டுக்கு வருவதில்லை.

இன்னொரு சிக்கல். ஆறும் சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்குப் புலப்படாதவற்றை ஏசி-3 கழித்துவிடுகிறது. ஆகவே சரவுண்டை மட்டும் தனியே கேட்டால், சில இடங்களில் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழறும். புளூ-ரேயின் ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ தடங்கள் இழப்பற்றவை என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. எடிட்டிங்குக்கு என்றால் புளூ-ரேயைத்தான் தேட வேண்டும்.

வசனத்திலிருந்து இசையைப் பிரிக்க இப்போது டெமக்ஸ் (பெயர்க் குழப்பம் வேண்டாம், இது ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் உருவாக்கியது) போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. முழுக் கலவையையும் அவற்றிடம் கொடுக்காமல் நடு சேனலை மட்டும் கொடுங்கள். பிரிக்க வேண்டிய இசை அங்கே குறைவு. குரல் அந்த அளவுக்குச் சுத்தமாக வரும்.