கலபார் விதை

ஃபைசோஸ்டிக்மா வெனினோசம்
அவரைக் குடும்பக் கொடி, மேற்கு ஆப்பிரிக்கா

இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் வாழும் எஃபிக் மக்கள் இவ்விதையை ‘எசேரே’ என்பர். 19ஆம் நூற்றாண்டில், சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இதை உண்ணக் கொடுத்தனர். வாந்தி எடுத்துப் பிழைத்தவர் நிரபராதி, இறந்தவர் குற்றவாளி. குற்றமற்ற பலரின் உயிரைக் குடித்த கொடிய வழக்கம் இது.

விதையிலுள்ள நஞ்சான ஃபைசோஸ்டிக்மைன் 1864இல் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனைகளில் சுரக்கும் அசிட்டைல்கோலின், தன் வேலை முடிந்ததும் ஒரு நொதியால் சிதைக்கப்பட வேண்டும். இந்த நஞ்சு அந்த நொதியோடு பிணைந்து அதன் செயலைத் தற்காலிகமாக முடக்குகிறது. அசிட்டைல்கோலின் தேங்குகிறது, தசைகளும் சுரப்பிகளும் ஓயாமல் தூண்டப்படுகின்றன. அளவு மிகுந்தால் மூச்சு நின்றுவிடும்.

அந்த முடக்கமே ஆய்வாளர்களுக்குக் கருவியானது. நொடியில் மறைந்துவிடும் அசிட்டைல்கோலினை நிலைக்கச் செய்து ஆராய இது வழி திறந்தது. ஆய்வாளர் ஓட்டோ லோவி 1926இல் தவளை இதயத்தில் நஞ்சின் இச்செயலை விளக்கினார். நரம்புகள் வேதிப்பொருள் வழியே செய்தி கடத்துகின்றன என்ற அவரது முடிவுக்கு அது பெரும் வலுச் சேர்த்தது.

ஆப்பிரிக்க அமெரிக்க வேதியியலாளர் பெர்சி ஜூலியன், யோசஃப் பிக்லுடன் இணைந்து 1935இல் ஃபைசோஸ்டிக்மைனைச் செயற்கையாகத் தயாரித்தார். கண் அழுத்த நோய்க்கு மருந்தாகப் பயன்பட்ட இப்பொருள், ஊமத்தை நஞ்சுக்கு முறிவாகவும் உதவுகிறது.