மகிழுந்து மெழுகுப் பூச்சு

மகிழுந்து மெழுகுப் பூச்சு என்பது வண்டியின் வண்ணப்பூச்சைக் காக்க அதன் மேல் தடவப்படும் மெல்லிய படலம் ஆகும். வெயில், மழை, பறவை எச்சம் ஆகியவற்றை முதலில் தான் ஏற்றுத் தேய்வதால், இதை அவ்வப்போது மீண்டும் பூச வேண்டும்.

மெழுகைத் தேர்ந்தெடுத்தல்

தஞ்சாவூர் மாவட்டம் சுவாமிமலையில் உலோகச் சிலை வார்ப்போர் தேன்மெழுகுடன் குங்கிலியம் சேர்த்து உருவம் பிடிக்கின்றனர். சூட்டில் எளிதில் இளகுவது அவர்களுக்கு நன்மை. வெயிலில் நிற்கும் வண்டிக்கு அதுவே குறை. தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு 82 பாகைக்கு மேல்தான் உருகும், கடினமானது. எனவே வண்டி மெழுகுகளில் இது பெரிதும் சேர்க்கப்படுகிறது. செயற்கைப் பூச்சுகள் பொதுவாக இதைவிட நீண்ட நாள் நிலைக்கும். பாலிஷ் என்பது வேறு. அது வண்ணப்பூச்சின் மேற்பரப்பை நுண்ணளவில் தேய்த்தெடுக்கும்.

பூசும் முறை

காவிரிப் படுகையில் அறுவடைக் காலத்தில் சாலைகளிலும் நெல் காயவைக்கப்படுகிறது. அவ்வழியே செல்லும் வண்டியில் படியும் தூசியை உலர்துணியால் துடைத்தால் கீறல் விழும். அதை மெழுகு சரிசெய்யாது. முதலில் நீரால் அலசி, வண்டிக்கான சோப்பு நீரால் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். தகடு ஆறியபின் நிழலில், சிறு சிறு பகுதியாக மெல்லியதாகத் தடவ வேண்டும். மங்கலாகக் காய்ந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுக்கலாம். தடிமனாகப் பூசினால் மெழுகுதான் வீணாகும்.

கழுவிய வண்டியில் நீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவினால் மீண்டும் பூசலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பூசுவது நல்லது.